பெயர் வாசிக்கும் வரை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கண்ணாடியை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஐம்பத்தேழு வயதில் தினமும் எண்பத்து நான்கு படி ஏறிக் கிரேன் ஓட்டுகிறவன் அந்த வெளிநாட்டுத் துறைமுகத்தில் உன்னைத் தவிர வேறு யாராவது உண்டா? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தில் கோபம் வந்தால் தாளோடு போய்விடும்.

பெரிய சேதி ஒன்று இருக்கிறது. நம் கட்சியை மறுபடி எழுப்புகிறார்கள். முப்பத்தோரு வருடம் முன்பு ஆட்சியில் இருந்த பெரிய கட்சியில் கரைந்துபோனதே, அதைத்தான். நம் ஊர்த் துறைமுகத்து இளசுகள் சேர்ந்து பழைய பெயரையும் பழைய சின்னமான மூட்டைக் கொக்கியையும் கேட்டுத் தேர்தல் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறார்கள். பெரிய கட்சி லேசில் விடுமா? கொக்கியை அவர்கள் ஒரு தேர்தலிலும் பயன்படுத்தியதில்லை. இருந்தாலும், இணைந்த கட்சியின் பெயரும் சின்னமும் தங்களுக்கே சொந்தம் என்று வந்து நிற்கிறார்கள்.

வழக்கை நடத்துவது ஒரு சின்னப் பெண். கிரேன் மெக்கானிக்கின் மகள். வக்கீலம்மா என்று கூப்பிட்டால் முகம் சிவந்துவிடும். கட்சியின் வரலாற்றை ஒரு நோட்டில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறாள். கட்சிக் கூட்டக் குறிப்புகளை நான்தானே எழுதினேன், என்னை இன்னும் எல்லோரும் 'மினிட்ஸ் அக்கா' என்றுதான் சொல்கிறார்கள். எனக்குக் கமா கூடத் தப்பாது என்று பெயர்.

ஆரம்பத்தை இப்படி எழுதியிருக்கிறேன், சரிபார். 'வெளிநாட்டுக் கம்பெனி துறைமுகத்தை வைத்திருந்த காலம். ஐந்தாம் கிடங்கில் பதினோரு மூட்டைத் தொழிலாளிகள் கூடினார்கள். நாடு நம்முடையது என்றால் துறைமுகமும் நம்முடையது என்று முதல் வரி எழுதினார்கள். வெளியே கிரேன் சத்தத்தில் குரல் கேட்காது. அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே கையைத் தூக்கினாலும் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்தார்கள். தீர்மானத்துக்குச் சம்மதிக்கிறவர் உட்கார்ந்திருக்கலாம், எதிர்க்கிறவர் எழுந்து நிற்க வேண்டும். நின்றவர் பெயரை எழுதி, உரக்க வாசித்து, தோழர் உட்காரலாம் என்று சொன்ன பிறகே அவர் உட்கார வேண்டும்.'

பதினான்காம் விதியையும் சேர்த்திருக்கிறேன். கட்சியைக் கலைக்கவோ வேறொன்றில் சேர்க்கவோ பேராளர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவர் எழுந்து நின்றாலும் கட்சி இருக்கும்.

வக்கீலம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். அந்தக் கடைசி மாநாட்டில் நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று நினைவிருக்கிறதா?

குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் சுகத்தை எதிர்பார்க்கும்
அக்கா


ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

நெட்டை எழுதுகிறேன். இங்கேயும் இவர்கள் மொழியில் என்னை அதே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆறடி மூன்றங்குலத்தை எந்த நாட்டிலும் மறைக்க முடியாது போலிருக்கிறது. முழங்கால் மழை வருவதை ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. மற்றபடி பசிக்கிறது, தூக்கம் வருகிறது.

நீ பதினோரு பேர் என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு பேர். மினிட்ஸ் அக்காவே தப்பு விட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அப்பா அந்தப் பன்னிரண்டில் ஒருவர், அவர் சொல்லி நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். நீ அப்போதெல்லாம் சுருக்கெழுத்து வகுப்பில் இருந்திருப்பாய்.

பன்னிரண்டாவது ஆள் பளு விழுந்து கால் நசுங்கியவர். கட்சி துறைமுகத் தொழிலாளிக்கு மட்டும் என்று முதல் தீர்மானம் வந்தபோது அவர் எதிர்த்தார். "வயக்காட்டுல குனியறவனும் உப்பளத்துல நிக்கிறவனும் யாருய்யா, வேத்து நாட்டுக்காரனா?" என்று கேட்டாராம். எதிர்த்தால் நிற்க வேண்டுமே! ஒரு நொடி எழுந்தார், தள்ளாடினார், பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "என்னால முடியல. பேரைப் படிக்கிற வரைக்கும் நான் நிக்கிறதா வச்சுக்கோங்க" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவர் பெயரை எழுதினார்கள், தீர்மானத்தையும் மாற்றினார்கள். 'மட்டும்' என்ற சொல் அன்றைக்குப் போனதுதான். நம் கட்சி நாட்டுக்குக் கட்சியானது அந்தக் காலால்தான் என்று அப்பா சொல்வார். அவரை விட்டுவிட்டு வரலாறு எழுதாதே.

இங்கே புதிதாக ஒரு சிக்னல்காரர் வந்திருக்கிறார். கையை ஆட்டினால் பளுவை இறக்கச் சொல்கிறாரா, ஈ ஓட்டுகிறாரா என்று தெரியவில்லை. வேறு விசேஷம் இல்லை.

கண்ணாடியைச் சீக்கிரம் மாற்று.

என்றும் உன்
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். புதுக் கண்ணாடி போட்டதும் வீட்டில் இத்தனை தூசி இருப்பது தெரிந்து இரண்டு நாள் துடைத்தேன். உன் உடம்பையும் நீ இப்படிக் கவனித்தால் நன்றாக இருக்கும்.

பன்னிரண்டாவது ஆளைச் சேர்த்துவிட்டேன். வக்கீலம்மா அந்தப் பக்கத்தைச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே படித்தாள்.

நாற்பது நாள் வேலைநிறுத்தத்தை எழுதி முடித்தாயிற்று. கூலிச் சீட்டு நம் மொழியில் வர வேண்டும் என்று தொடங்கியது, ஞாபகமிருக்கிறதா? நான் பகலில் கம்பெனி அலுவலகத்தில் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். மேலாளர் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம், "இவர்களுக்குப் படிக்கத் தெரியாது, எந்த மொழியில் கொடுத்தால் என்ன" என்று முடிந்தது. அன்று மாலையே அதைக் கூட்டத்தில் வாசித்தேன். நாற்பத்தோராம் நாள் சீட்டு நம் எழுத்தில் வந்தது. உழுகிறவனுக்கு நிலம் என்று ஊர் ஊராக நடந்ததையும், சிறைக்குப் போனவர்கள் பட்டியலையும் எழுதியிருக்கிறேன். நாடு விடுதலையானது தங்களால்தான் என்று பெரிய கட்சி பலகை வைத்துக்கொண்டது. அவர்கள் மேடையில் பேசினார்கள், நம் ஆட்கள் துறைமுகத்தை நிறுத்தினார்கள்.

அப்புறம்தான் 'முதலில் நாடு, பிறகு கூலி' என்று சொல்லி நம்மை உள்ளே இழுத்தார்கள். இழுத்த பிறகு கம்பெனியின் பெயர்ப்பலகையை மாற்றி, துறைமுகத்தை அதே கம்பெனிக்கே குத்தகைக்கு விட்டார்கள். 

பெரிய கட்சி நம் பழைய குறிப்பேட்டை ஆணையத்தில் கொடுத்திருக்கிறது. இணைப்புத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று அதில் எழுதியிருக்கிறது. அது நிலைத்தால் நம் கதை முடிந்தது. வேறு பெயர், வேறு சின்னம் தேட வேண்டும். கொக்கியைத் தவிர வேறெதைப் பார்த்தாலும் வயலில் இருக்கிற கிழவிக்கு நம் கட்சி என்று தெரியாது.

போன கடிதத்தில் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. தபாலில் எங்கேயோ நழுவியிருக்கும்.

அன்போடு
அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

சுகம்தான். தாமதத்துக்குக் காரணம் வேலை.

'எழுதியிருக்கிறது' என்று எழுதியிருக்கிறாய். தானாக எழுதிக்கொண்டதா? கையெழுத்து யாருடையது என்று உன் வக்கீலம்மா கேட்கவில்லையா?

அந்த நாளைப் பற்றி என்னிடம் கேட்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை. காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை. உன் நான்கு வரியை அலமாரியில் வைத்துவிட்டு, பாத்திரம் எடுக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து என்னுடையது. ஒருமனதாக என்று எழுதியவள் நான்.

ஐந்தாம் கிடங்கில் இருநூற்று ஆறு பேராளர்கள். எதிர்ப்பவர் எழலாம் என்று தலைவர் சொன்னார். மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நீ எழுந்தாய். மற்றவரைத் தூண் மறைக்கும், உன்னை எந்தத் தூண் மறைக்கும்? பெயரை எழுதக் குனிந்தேன். தலைவர் என் காதருகே வந்து, "நெட்டைய எழுதாதேம்மா. வாசல்ல போலீஸ் வண்டி நிக்குது. எழுதினா உன் தம்பி நாளைக்கே உள்ள" என்றார். நான் உன்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சுத்தப் பிரதியில் அந்தச் சொல்லை எழுதினேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று முப்பத்தோரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை. நான் களைத்துப்போயிருந்தேன். பெரிய கட்சிக்குள் போனால் ஏதாவது நல்லது நடக்கும் என்று நம்பினேன். நீ நின்றது எனக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. அதுதான் மீதிப் பாதி.

ஒரே மாதத்தில் நீ கப்பலேறினாய். "நல்ல வேலை கிடைச்சுப் போறான்" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டேன்.

வக்கீலம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டதும் அவள் இல்லை, நான்தான். கமா தப்பாதவள் என்று அந்தப் பெண் என்னைக் காட்டி எல்லோரிடமும் பெருமைப்படுகிறாள். வெட்கமாக இருக்கிறதடா.

அக்கா


மே 8

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை என்று எழுதியதைப் படித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. போன் எடுத்தேன், எண்ணை அழுத்தினேன், வைத்துவிட்டேன். அதனால் இது.

உன் மேல் எனக்குக் கோபம் என்றுதானே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்? ஊருக்கு வராததற்கும் அதுதான் காரணம் என்று. நான் உன்னை அப்படியே நினைக்க விட்டேன். கோபம் என்றால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது, பார்.

அன்றைக்கு நான் உட்கார்ந்துவிட்டேன்.

நீ தலையசைத்தாய். வாசலில் வண்டி நிற்பது எனக்கும் தெரியும். என் பெயரை யாரும் வாசிக்கவில்லை, உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே உட்கார்ந்தேன். பயந்துவிட்டேன், அக்கா. அப்பா சேர்ந்து உண்டாக்கிய கட்சிக்கு அரை நிமிடம்தான் நின்றேன். நின்றவன் உட்கார்ந்துவிட்டால் ஒருமனதுதானே? நீ எழுதியது பொய் இல்லை. அப்படியே வக்கீலம்மாவிடம் சொல்லிவிடு, உன் பெயரும் கெடாது.

இங்கே கூட வேலை செய்கிறவர்களிடம் 'இருநூறு பேருக்கு நடுவே தனியாக நின்றவன்' என்று எத்தனை வருடமாகப் பீற்றிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? உட்கார்ந்த பகுதியை ஒருவரிடமும் சொன்னதில்லை. முதன்முதலாக உன்னிடம்தான் சொல்கிறேன்.

என் மேல் வருத்தம் வேண்டாம்.

தம்பி


மே 16

அன்புள்ள முட்டாளுக்கு,

நலம், நலம், ரொம்ப நலம். நீ சாப்பிட்டாயா? முதலில் சாப்பிடு, பிறகு படி.

உன் கடிதத்தைப் படித்ததும் அம்மாவின் தையல் இயந்திரத்திடம் போனேன். அதன் இழுப்பறையில், நூல் சுருள்களுக்கு அடியில், உனக்கும் சொல்லாத ஒன்றை முப்பத்தோரு வருடமாக வைத்திருந்தேன். அன்றைய என் சுருக்கெழுத்து நோட்டு. எறிந்துவிட எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், மனம் வரவில்லை. பயத்தில் திறந்ததும் இல்லை. இப்போதுதான் திறந்தேன்.

சுருக்கெழுத்துக்காரியின் கை காதுக்கு அடிமை. கேட்டதையும் பார்த்ததையும் அது எழுதிக்கொண்டே போகும், யோசிக்காது. வரிசையாக இப்படி இருக்கிறது: 'எதிர்ப்பவர் எழலாம். நெட்டை எழுந்தான். வேறு யாரும்? இல்லை. தீர்மானம் நிறைவேறியது. நெட்டைய எழுதாதேம்மா, வாசல்ல வண்டி நிக்குது. நெட்டை உட்கார்ந்தான்.' எழுதாதே என்று சொன்னதைக்கூட எழுதி வைத்திருக்கிறது இந்தக் கை!

புரிகிறதா? முடிவை அறிவித்தபோது நீ நின்றுகொண்டிருந்தாய். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாய்.

நோட்டையும், குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலையும், உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வாடியது, அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.  பிறகு, "அக்கா, அந்தக் கால் நசுங்கினவர் கதைய யார் சொன்னது?" என்று கேட்டாள். நீதான் என்றேன். கட்சியின் முதல் விதிப்புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் விதிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினாள். 'எழுந்து நின்றவர், அவர் பெயர் வாசிக்கப்படும் வரை, உட்கார்ந்தாலும் நிற்பவராகவே கொள்ளப்படுவார்.'

பன்னிரண்டாவது ஆளுக்காக அன்றே விதியில் சேர்த்திருக்கிறார்கள். நாம் யாரும் அதைப் படிக்கவில்லை. உன் பெயரை இன்றுவரை யாரும் வாசிக்கவில்லை. வக்கீலம்மா நாற்காலியை விட்டுக் குதித்து எழுந்து, "அக்கா, சட்டப்படி உங்க தம்பி இன்னும் நின்னுக்கிட்டிருக்கார்!" என்றாள்.

நோட்டில் என் சொந்தக் குறிகள் நிறைய. என்னால்தான் வாசிக்க முடியும். அதனால் ஆணையத்தில் நான் கூண்டேறி, குறிப்பேட்டில் பொய் எழுதியவள் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஜூன் இருபத்து மூன்று. போகிறேன்.

பெருமையோடு
அக்கா


மே 30

அன்பு அக்காவுக்கு,

சாப்பிட்டேன். மூன்று வேளையும்.

உன் கடிதத்தைக் கிரேன் கூண்டில் வைத்துப் படித்தேன். சிக்னல்காரர் கீழே நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார், நான் பார்க்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மேற்பார்வையாளர் என்னைத் திட்டினார். திட்டட்டும்.

உன் பெயர் போய்விடுமே என்று நினைத்து, போகாதே என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. நானும் வாக்குமூலம் எழுதி, அலுவலரிடம் முத்திரை வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டே வரி. 'நான் எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன்.' முத்திரை போட்டவர் இரண்டாவது வரி எதற்கு, உங்களுக்குத்தானே பாதகம் என்று கேட்டார். எங்க அக்கா நோட்டில் அதுவும் இருக்கிறது, இரண்டும் பொருந்த வேண்டும் என்றேன்.

சாட்சிக் கூண்டில் கேள்வி கேட்டால் அவசரப்பட்டு எரிந்து விழாதே. என்னிடம் விழுகிறாயே, அதே மாதிரி.

தைரியமாகப் போய் வா.

தம்பி


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

ஜெயித்துவிட்டோம்! நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

உள்ளே நுழையும்போது படிக்கட்டு முழுக்க நம் ஆட்கள். வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்களுக்கு முந்தின நாளே சொல்லியிருந்தேன். சிலர் வணக்கம் சொன்னார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது வலித்தது, ஆனால் அவர்கள் மேல் தப்பு இல்லை.

நோட்டை வாசித்தேன். ஆணையம் வரவழைத்த சுருக்கெழுத்து ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொதுக்குறிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு பெரிய கட்சியின் வக்கீல் எழுந்தார். "அன்னைக்குப் பொய் எழுதின கை இன்னைக்கு உண்மை படிக்குதுன்னு எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டார்.

நீ சொன்னாயே என்று எரிந்து விழவில்லை. "ஐயா, பொய்ய உக்காந்து நிதானமா எழுதினேன், ஒரு அடித்தல் கிடையாது. உண்மைய அவசரத்துல கிறுக்கினேன். ரெண்டு நோட்டும் உங்க முன்னாலதான் இருக்கு. பாத்தாலே தெரியும்" என்றேன். தலைமை ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

வக்கீலம்மா உன் இரண்டு வரியை வாசித்தாள். தனக்குப் பாதகமானதையும் எழுதியிருக்கிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று ஆணையரே சொன்னார். அதற்கப்புறம் பொடி எழுத்தை வாசித்தாள். அடுத்து அவள் சொன்னதை அப்படியே சுருக்கெழுத்தில் எடுத்தேன், தருகிறேன்: "இவரோட பெயர் இன்னும் வாசிக்கப்படல. அதனால இவர் இன்னும் நிக்கிறார். இவர் நிக்கிற வரைக்கும் எங்க கட்சி இருக்கு. முப்பத்தோரு வருஷமா ஒரு நாள்கூட அது இல்லாம இருந்ததில்ல."

நான்கு நாளில் தீர்ப்பு. பெயர் நமக்கு, கொக்கி நமக்கு. தீர்ப்பு வந்ததும் துறைமுகத்தில் ஒவ்வொரு கிரேனாக ஒலி எழுப்பினார்கள். முகத்தைத் திருப்பியவர்களில் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன்.

கால் எப்படி இருக்கிறது?

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக, தொண்டை கட்டிப்போய் இருக்கிறேன். மூன்று மாதம் வீடு வீடாகப் போய்ப் பேசியதில் குரல் தவளைக் குரலாகிவிட்டது. உனக்குக் கடிதம் எழுதாததற்கும் அதுதான் காரணம். கை சும்மாதானே இருந்தது என்று கேட்காதே. கை துண்டறிக்கை எழுதியது.

பத்திரிகையில் பார்த்திருப்பாய். இருபத்தேழு இடம்! நாம் இல்லாமல் யாரும் ஆட்சி அமைக்க முடியாது. துறைமுகத்தைக் கம்பெனியிடமிருந்து எடுத்துப் பொதுவாக்கும் சட்டம்தான் முதல் வேலை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஆதரவு கொடுத்தோம். வக்கீலம்மா துறைமுகத் தொகுதியில் நின்று பெரிய கட்சியின் மந்திரியைத் தோற்கடித்தாள். வாக்குப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவி சீட்டில் இருந்த சின்னத்தைத் தடவிப் பார்த்து, "வந்துட்டியா" என்றாளாம்.

போன ஞாயிறு ஐந்தாம் கிடங்கில் மாநாடு. முதல் வேலையாக, நான் செய்ததற்கு என்னைக் கண்டிக்க வேண்டும் என்று நானே தீர்மானம் வைத்தேன். மன்னித்து விடலாம் என்று பலர் சொன்னார்கள். கூடாது, எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். இனிமேல் என் பெயருக்குக் கீழே அது இருக்கும். இருக்கட்டும்.

பிறகு பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்தார்கள். ஒருமனதாக என்ற சொல்லை அடித்தேன். எதிர்ப்பு ஒன்று என்று எழுதினேன். பக்கத்தில் உன் பெயர், நெட்டை இல்லை, அம்மா வைத்த முழுப்பெயர். எழுந்து உரக்க வாசித்தேன். கட்டிப்போன தொண்டையிலிருந்து அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பக்கத்து நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துச் சொன்னேன்: "தோழர் உட்காரலாம்."

கிடங்கே எழுந்து நின்றதடா. நம் வழக்கப்படி எழுந்தால் எதிர்ப்பு என்று அர்த்தமே, யாருக்கும் அது நினைவில் இல்லை. அத்தனை பெயரையும் எழுத வேண்டியிருக்குமே என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

டிசம்பரில் அதே கிடங்கில் பேராளர் கூட்டம். வரைவுத் தீர்மானங்களை இத்துடன் வைத்திருக்கிறேன், சும்மா படித்துப் பார். அம்மாவின் அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். உன் நீளத்துக்குக் கட்டில் கிடைக்கவில்லை, தச்சரிடம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வார்த்தை எழுது.

உன்
அக்கா


அக்டோபர் 30

அன்பு அக்காவுக்கு,

உன் தொண்டைக்கு வெந்நீர் குடி. மற்றவர்களைப் பேச விடு.

கடிதம் வந்தபோது ஏணியின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். நின்றபடியே படித்தேன். 'தோழர் உட்காரலாம்' என்ற இடம் வந்ததும் அங்கேயே முதல் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிக்னல்காரர் ஓடிவந்து முழங்காலா என்று கேட்டார். ஆமாம், முப்பத்தோரு வருடமாக நின்ற முழங்கால் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் நாளிலிருந்து கதையைச் சொன்னேன், உட்கார்ந்த பகுதியையும் சேர்த்து. கடைசியில் அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையசைத்ததில் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது அது ஒன்றுதான்.

வேலையை விட்டுவிட்டேன். எண்பத்து நான்கு படியையும் கடைசியாக ஒரு தடவை ஏறி இறங்கி, கீழே தொங்கிய கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். இருபதாம் தேதிக் கப்பல். கட்டிலை ஆறரை அடிக்குச் செய்யச் சொல். வந்த பிறகு நேரிலேயே சண்டை போடலாம், பட்டென்று வைக்க முடியாது.

வரைவுத் தீர்மானங்களைப் படித்தேன். மூன்று வரைக்கும் சரி. துறைமுகச் சட்டம் நிறைவேறும் வரை வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று நான்காவதில் போட்டிருக்கிறீர்களே, யாருக்கு வந்த யோசனை இது? முதலில் நாடு, பிறகு கூலி என்று நம்மிடம் சொன்னவர்களும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஆட்சிக்குப் பக்கத்தில் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை!

மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பக்கத்து நாற்காலியை எனக்கு வைத்திரு. நான்காம் தீர்மானம் வரும்போது நான் எழுந்து நிற்பேன். நீ தலையசைத்தாலும் உட்கார மாட்டேன்.

பேனாவில் மை நிரப்பி வை. பெயரை எழுது.

வந்துகொண்டிருக்கும்
தம்பி